நாற்பத்தாறு டிகிரிப் பசு

எங்கள் ஆபீசுக்கு சர்க்கார் பதார்த்த நிர்ணயசாலை என்று பெயர். கத்தியில் ஒட்டியிருப்பது இரத்தமா வெற்றிலைச் சாறா, செத்தவன் வயிற்றில் கிடந்தது விஷமா பழங்கஞ்சியா என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. திருவனந்தபுரத்தில் இப்படி ஒரு ஆபீஸ் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் ஜெயிலில் இருக்கிறார்கள்.

நான் அங்கே ஹெட் கிளார்க். பகவதிப்பெருமாள் பிள்ளை, சொந்த ஊர் நாகர்கோவிலுக்குப் பக்கம், பதினெட்டு வருஷ சர்வீஸ். இத்தனை வருஷத்தில் நான் கையால் தொட்ட பதார்த்தம் மை ஒன்றுதான். எங்கள் நிர்ணயாதிகாரி டாக்டர் கல்யாணராமன் கரமனை அக்ரகாரத்துக்காரர், சீமைக்குப் போய்ப் படித்தவர். கடல் தாண்டியதற்குப் பிராயச்சித்தம் செய்து, செய்ததற்குச் சாஸ்திரிகளிடம் எழுதி வாங்கி, அதையும் தம் சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டவைத்தவர். மாமிசம், எலும்பு, கொழுப்பு எது வந்தாலும் மூன்றடி தள்ளி நின்றுதான் பரிசோதிப்பார். தொடுவதற்கென்று சர்க்கார் சம்பளம் கொடுத்த கை ஒன்றே ஒன்று. அது அட்டெண்டர் ராஜையனுடையது. நெய்யாற்றின்கரைக்காரன், வேதக்காரன். அவன் தொடுவான், டாக்டர் பார்ப்பார், நான் எழுதுவேன். இப்படித்தான் எங்கள் ஆபீசில் உண்மை உற்பத்தியாகும்.

கொல்லம் ஆண்டு 1109, கர்க்கடக மாசம், அதாவது ஆடி. அடைமழை. தம்பானூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிற வேதமாணிக்கம் என்பவனுடைய கொழுப்பு எங்களிடம் வந்துசேர்ந்தது. அவன் உடம்பில் கொழுப்பு கிடையாது, எலும்புக்கு மேல் தோலைப் போர்த்திய ஆள். இது அவன் வண்டியில் இருந்த கொழுப்பு. மழையில் நனைந்து காய்ந்தால் குதிரையின் தோல்வார் வெடித்துப்போகும் என்று ஜட்காக்காரர்கள் அதற்கு ஆட்டுக் கொழுப்புத் தேய்ப்பார்கள். இவனும் ஒரு கட்டியைத் துணியில் சுற்றி வண்டிக் கூரையில் செருகியிருந்தான். அது நழுவி ஸீட்டின்மேல் வந்து உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. அதன்மேல் வந்து உட்கார்ந்தவர் ரிட்டயர்டு தாசில்தார் அழகியநம்பி.

கோட்டைக்குள்ளே தம் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் வேஷ்டியின் பின்பக்கம் கையகலத்துக்கு ஒரு கறை இருப்பதை அவர் சம்சாரம் பார்த்துச் சொன்னாள். தாசில்தார் மோந்து பார்த்தார். "பசு!" என்று கத்தினார். அவர் ஜன்மத்தில் மாமிசத்தை மோந்தவரல்ல. ஆனால் நிர்வாகம் தெரிந்தவர். ஆட்டுக் கொழுப்பு என்றால் வண்ணானிடம்தான் சொல்லலாம். பசுக் கொழுப்பு என்றால் இன்ஸ்பெக்டரையே வாசலுக்கு வரவழைக்கலாம். சமஸ்தானத்தில் பசுவதை பெரிய குற்றம். அதுவும் கோட்டைக்குள், கோவில் கோபுரம் தெரிகிற தெருவில்! அரைமணி நேரத்தில் வேதமாணிக்கத்தின் கையில் விலங்கு ஏறியது. குதிரை மழையில் தனியாக நின்றது.

மாஜிஸ்திரேட்டு நல்ல மனுஷர்தான். நிர்ணயசாலையிலிருந்து 'பசு' அல்லது 'பசு அல்ல' என்று ஒரே ஒரு வார்த்தை வரட்டும், அல்ல என்றால் அன்றைக்கே விட்டுவிடுகிறேன், அதுவரை ஸப்ஜெயிலில் இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். ஒரு வார்த்தைதானே, அதற்கென்ன!

பொட்டலத்தை ராஜையன் பிரித்தான். மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு கட்டி, அங்கங்கே சிவப்பு நூல் மாதிரி சதை ஒட்டிக்கொண்டிருந்தது. வாடை குப்பென்று அடித்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் மூன்றடியை ஆறடியாக்கினார்.

"சாறே, இது ஆடாக்கும்," என்றான் ராஜையன். "கெடா ஆடு. எனக்க வீட்டுல கிறிஸ்மஸுக்கு அறுக்கிய சாதனம் எனக்குத் தெரியாதா? இந்த மொச்சை நாத்தம் மாட்டுக்கு வராது."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ராஜையா, நீ மோந்தே. அது உன் அபிப்பிராயம். மூக்குக்கு டிகிரி உண்டோ? நாளைக்கு வக்கீல் கேட்டா, எங்க ஆபீஸ் பியூனோட மூக்கு சொல்லித்துன்னு கோர்ட்டிலே சொல்லட்டுமா? தெரிஞ்சவன் சொல்றதை எழுதறதுக்கு சர்க்கார் எதுக்கு ஒரு ஆபீஸ் வச்சிருக்கு?"

அடுத்த உத்தரவு பிறந்தது. எங்கள் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. தீட்டுள்ள பதார்த்தம் எது வந்தாலும் முதலில் சுத்தி. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் மூன்று தரம் வேகவைத்து, துணியில் வடிகட்டி, பச்சைக் கற்பூரம் போட்டு, ஆறவிட்டு எடுத்த பிறகுதான் டாக்டரின் மேஜைக்கு வரும். வேதமாணிக்கத்தின் கட்டியும் அப்படியே வெந்தது. சிவப்பு நூலெல்லாம் துணியில் தங்கிக் குப்பைக்குப் போயிற்று. வெள்ளைவெளேரென்று, பெருமாள் கோவில் தீர்த்தத்தின் வாசனையோடு ஒரு வில்லை மிஞ்சியது.

அதற்குப் பிறகு டாக்டர் சீமைப் புத்தகத்தைப் பிரித்தார். கொழுப்பை வைத்து மிருகத்தை அறிய நிச்சயமான வழி, அதில் ஒட்டியிருக்கும் சதையையும் இரத்தத்தையும் சீரம் போட்டுச் சோதிப்பது, வேகவைத்தால் பிறகு எதுவும் தெரியாது என்று போட்டிருந்தது. டாக்டர் அந்தப் பக்கத்தை அமைதியாக வாசித்து முடித்து, அமைதியாகத் திருப்பினார்.

"இன்னொரு முறை இருக்கு, ஓய்," என்றார் என்னிடம். "எத்தனை டிகிரியிலே உருகறதுன்னு பாக்கலாம்."

உருக்கினோம். நாற்பத்தாறு டிகிரி. புத்தகத்தில் பசு நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்பது, ஆடு நாற்பத்துநாலிலிருந்து ஐம்பது. இரண்டுக்கும் நடுவில் கிடந்து உருகித் தொலைத்தது சனியன்.

"போவட்டும் சார், சந்தேகம்னு எழுதிருவோம். சந்தேகம்னா அவன விட்டிருவாங்க," என்றேன்.

"சந்தேகம்னு எழுதறதுக்கு நான் சீமைக்குப் போவானேன்? இங்கேயே கரமனையிலே சந்தேகப்பட்டுண்டு இருந்திருப்பேனே! அதுவுமில்லாம, இந்தப் புத்தகத்திலே இருக்கறது சீமைப் பசு. அது தின்ற புல்லு வேற, குடிச்ச தண்ணி வேற. நம்ம சமஸ்தானத்துப் பசுவோட அசல் கொழுப்பு ஒண்ணு வேணும். ஸ்டாண்டர்டு. அதோட ஒப்பிட்டாத்தான் நிர்ணயம். எழுதும் லெட்டர்."

எழுதினேன். மிருக வைத்தியத்துறைக்கு எழுதினேன். இந்த வருஷம் பசு எதுவும் செத்ததாக எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. ஒரு கோசாலைக்கு எழுதினேன். கிழப்பசு ஒன்று படுத்தபடுக்கையாக இருக்கிறது, ஆனால் அது உயிரோடிருக்கும்போதே இப்படிக் கேட்பது உங்களுக்கே நன்றாயிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒரு டப்பா தருவிக்கலாமா என்று சுங்கத்துக்கு எழுதினேன். தாராளமாகத் தருவிக்கலாம், ஆனால் ஆரல்வாய்மொழிச் சாவடியில் அதைப் பிடித்து, கொண்டுவருகிறவனைக் கைதுசெய்து, அது பசுக் கொழுப்புதானா என்று பரிசோதிக்க உங்களுக்கே அனுப்பவேண்டிவரும் என்று வந்தது. சிங்கம் போய், கன்னி போய், துலாம் பிறந்தது. வேதமாணிக்கம் உள்ளே இருந்தான்.

அவன் சம்சாரம் எலிசாள் வாரம் தவறாமல் வருவாள். வராந்தாப் படிக்குக் கீழே, ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குச் சரியாக வெளியே நிற்பாள். அதிகம் பேசமாட்டாள்.

"ஏமானே, இன்னும் கண்டுபிடிக்கேலியா?"

"சோதிச்சுக்கிட்டு இருக்கோம்."

"நாக்குல வச்சாத் தெரியுமே ஏமானே. நான் வேணும்னா வச்சுச் சொல்லட்டா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. "போ, போ. அடுத்த வாரம் வா," என்றேன்.

துலாம் கடைசியில் ஒரு நாள் வந்து, "குதிரயும் செத்துப்போச்சு, ஏமானே. அவிய இல்லாம தண்ணி குடிக்காது," என்றாள். பேச்சோடு பேச்சாக இதை டாக்டரிடம் சொன்னேன். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "குதிரையா? குதிரைக்குச் சட்டம் ஒண்ணும் இல்லையே! ராஜையா, ஓடு!" ராஜையன் போய்க் கேட்டபோது எலிசாள் குழி வெட்டிக்கொண்டிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாளாம். குதிரையின் கொழுப்பு ஜாடியில் வந்தது. உருக்கினோம். முப்பத்துநாலு. 'பரிசோதனைக்குரிய பதார்த்தம் குதிரை அல்ல என்பது ஐயத்திற்கிடமின்றி ருசுவாகிறது' என்று கோர்ட்டுக்கு எழுதினோம். மிருகங்களில் ஒன்று கழிந்தது என்று டாக்டருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

நடுவில் தாசில்தார் அழகியநம்பி ஒரு மனுப் போட்டார். பசுக் கொழுப்பு மூன்று மாசமாக இருக்கும் கட்டிடத்தில் உத்தியோகஸ்தர்கள் காப்பி குடிக்கலாமா என்று. மேலிடம் பயந்துபோய்ப் புண்ணியாகம் செய்ய உத்தரவிட்டது. சாஸ்திரிகள் வந்து, மாவிலையால் பீரோ, மைக்கூடு, தெர்மாமீட்டர் எல்லாவற்றின்மேலும் தண்ணீர் தெளித்தார்கள். அடுத்த வாய்தாவில் இன்ஸ்பெக்டர் அந்த உத்தரவையே கோர்ட்டில் நீட்டினார். பசு இல்லையென்றால் சர்க்கார் எதற்குப் புண்ணியாகம் செய்தது என்று கேட்டார். மாஜிஸ்திரேட்டு அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு, பதார்த்தத்தைக் குற்றவாளி அடையாளம் காட்டவேண்டும் என்று ஒரு சடங்கு பாக்கியிருந்தது. வேதமாணிக்கத்தை விலங்கோடு எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அவனை அன்றுதான் பார்த்தேன். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. ராஜையன் வில்லையைத் தட்டில் வைத்து நீட்டினான்.

வேதமாணிக்கம் குனிந்து மோந்து பார்த்தான். முழித்தான். "இது எனக்கதில்ல, ஏமானே. எனக்கது நாறும். இது கோயில் மாதிரி மணக்குது."

டாக்டரின் முகம் சிவந்தது. "பிள்ளை, அவனுக்குச் சொல்லும். இது இவனுடையது இல்லேன்னா, இவனுடையதை நாம தொலைச்சுட்டோம்னு அர்த்தமாகும். தேடணும். விசாரணை வைக்கணும். இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

நான்தான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். "வே, ஒப்புப் போட்டுரும், கைநாட்டு போதும். போட்டா சீக்கிரம் முடியும். சாதனம் ஒம்முடையதுன்னுதானே கேக்காங்க, குத்தம் செஞ்சேன்னா கேக்காங்க?"

"ஒப்பிட்டா நான் வீட்டுக்குப் போவலாமா, ஏமானே?"

"சீக்கிரம் முடியும்," என்றேன் மறுபடியும்.

நீட்டிய பாரத்தில் அவன் பெருவிரலை வைத்தான். அது அச்சடித்த பாரம். பதார்த்தத்தின் பெயர் என்ற இடத்தில், போலீஸ் அனுப்பிய கடிதத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, 'பசுக் கொழுப்பு' என்று என் கையெழுத்தில் முன்னமே எழுதியிருந்தேன். வேறு எப்படி எழுதுவது? போலீஸ் அனுப்பிய பெயரை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. வேதமாணிக்கத்துக்கு எழுத்துத் தெரியாது.

தனு மாசம் மாஜிஸ்திரேட்டு கடைசிக் கெடு வைத்தார். பதினைந்து நாளில் அந்த ஒரு வார்த்தை வரவேண்டும், வராவிட்டால் கைதியை விட்டுவிடுவதோடு நிர்ணயசாலை எதற்கு என்று மேலே எழுதப்போவதாகவும் உத்தரவில் இருந்தது. கைதியை விடுவதைப் பற்றி டாக்டருக்குக் கவலையில்லை. இரண்டாவது விஷயம்தான் அவரைச் சாப்பிடவிடவில்லை.

பதிமூன்றாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது.

"பிள்ளை, இத்தனை நாள் நாம அசடா இருந்துட்டோம். பசுக் கொழுப்பு எங்கே கிடைக்கும்னு ஊரெல்லாம் தேடினோமே. இந்த சமஸ்தானத்திலே சர்க்கார் முத்திரையோட, சொந்தக்காரனே பெருவிரல் வச்சு ஒத்துண்ட பசுக் கொழுப்பு ஒரே இடத்திலேதான் இருக்கு. நம்ம பீரோவிலே!"

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. அவர் ராஜையனைக் கூப்பிட்டு வில்லையைக் கத்தியால் இரண்டாக வெட்டச் சொன்னார். ஒரு பாதியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, 'ஸ்டாண்டர்டு: பசு' என்று சீட்டு ஒட்டச் சொன்னார். மறுபாதி தட்டிலேயே இருந்தது. அது பரிசோதனைக்குரிய பதார்த்தம். ஸ்டாண்டர்டை உருக்கினோம், நாற்பத்தாறு. பதார்த்தத்தை உருக்கினோம், நாற்பத்தாறு.

"அரை டிகிரி வித்தியாசம் உண்டா பாரும்!" என்றார் டாக்டர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "சீமையிலேகூட இத்தனை பொருத்தம் நான் பாத்ததில்லை."

ராஜையன் என்னைப் பார்த்தான். நான் டைப் மெஷினைப் பார்த்தேன். அதற்குள் காகிதத்தைச் சொருகி, அந்த ஒரு வார்த்தையை அடித்தேன்.

கோர்ட்டில் வேதமாணிக்கத்துக்காக ஆஜரான சின்ன வக்கீல் ஒருவர், "ஆட்டுக் கொழுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். டாக்டர் கூண்டில் நிமிர்ந்து நின்றார். "பசுவா என்றுதான் கோர்ட்டார் எங்களைக் கேட்டார்கள். ஆட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் தேடுவது சாஸ்திரமல்ல, சபலம்," என்றார். கோர்ட்டில் சிலர் தலையாட்டினார்கள். மூன்று வருஷம் கடுங்காவல் விழுந்தது. வேதமாணிக்கம் கூண்டில் நின்றபடி கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான். "ஒப்பிட்டேனே, ஏமானே?" என்றான். மறந்துபோய் இட்டோமா என்று சந்தேகம் வந்தவனைப் போலக் கேட்டான். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்று முதல் ராஜையன் வீட்டில் கறி வைப்பதை நிறுத்திவிட்டான். "சட்டியக் கொண்டுபோயிச் சோதிச்சா நான் என்ன செய்யியது, சாறே?" என்றான்.

அடுத்த வாரமும் எலிசாள் வந்தாள். தீர்ப்பு ஆனபிறகு எங்கள் ஆபீசில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வந்தாள். வந்து பழகிய வழி அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. நான்தான் யோசனை சொன்னேன். "இங்க பாரு, பாளையம் சந்தையில கசாப்புக்காரன் கண்முன்னால ஆட்டை அறுத்து எடுத்த கொழுப்பை வாங்கு. ஆடுதான்னு அவன்கிட்ட எழுதி வாங்கு. வக்கீல் மூலமா அப்பீல்ல போடு. ஆட்டுக் கொழுப்பும் ஒம் மாப்பிள சாதனமும் ஒண்ணுபோல உருகினா, அவன் வச்சிருந்தது ஆடுதான்னு ஆவுமில்லா?"

அவள் என்னைக் கும்பிட்டாள். நானே என்னை மெச்சிக்கொண்டேன், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

கும்ப மாசம் அந்தப் பொட்டலம் மேல்கோர்ட்டு முத்திரையோடு வந்தது. கசாப்புக்காரன் எழுதிய சீட்டு கூட இருந்தது. எலிசாள் தன் கையாலேயே வாங்கி, தன் கையாலேயே சுற்றியது என்று வக்கீல் குறிப்பு எழுதியிருந்தார். 'இது எந்த மிருகம்?' என்பது கேள்வி. ராஜையன் வேகவைத்தான், வடிகட்டினான், கற்பூரம் போட்டான், உருக்கினான். நாற்பத்தாறு டிகிரி.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். டாக்டர் பீரோவைத் திறந்து, ஸ்டாண்டர்டு ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தார். சீட்டைப் படித்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார்.

"அடப்பாவி, அவளுமா?" என்றார்.

"சார், இது ஆடு. அறுத்தவனே எழுதிக் குடுத்திருக்கான்!"

"அவன் எழுதுவான். ஆடுன்னு சொல்லி ஊரெல்லாம் பசுவை வித்துண்டிருக்கான், இப்பன்னா வெளிச்சமாறது! அவனையும் சேத்து எழுதும்."

என் சர்வீசில் செய்யாததைச் செய்தேன். கதவைச் சாத்திவிட்டு அவர் முன்னால் நின்றேன். "சார், நம்ம ஸ்டாண்டர்டு தப்பா இருந்தா?"

டாக்டர் கோபப்படவில்லை. பரிவாகத்தான் பேசினார். "பிள்ளை, உக்காரும். ஸ்டாண்டர்டு தப்புன்னா என் சர்ட்டிபிகேட் தப்பு. அது தப்புன்னா தீர்ப்பு தப்பு. தீர்ப்பு தப்புன்னா புண்ணியாகம் தப்பு, அழகியநம்பி தப்பு, நீர் எழுதின பாரம் தப்பு. ஒரு ஜட்காக்காரனுக்காக இத்தனை தப்பை எங்கே கொண்டுபோய் வைக்கறது? அவனுக்கு மூணு வருஷம், முடிஞ்சுடும். ஆபீஸ் இருக்கணுமோல்லியோ?"

நீர் எழுதின பாரம் என்று அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. எனக்குப் பென்ஷனுக்கு ஏழு வருஷம் இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். சொல்லிக்கொள்ள இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து அடித்தேன். 'பசு. ஸ்டாண்டர்டுடன் பூரணமாக ஒத்துப்போகிறது. வைத்திருந்தவர்: எலிசாள், வேதமாணிக்கத்தின் மனைவி.' டாக்டர் கையெழுத்துப் போட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு ராஜையனை அனுப்பச் சொன்னார். ராஜையன் போகமாட்டேன் என்றான், சர்க்கார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனவன் திரும்பி வரவேயில்லை. டிலிவரி புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதே ஆள் அனுப்புகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர்.

திரும்பி வந்தபோது எலிசாள் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். ரிப்போர்ட் இன்றைக்கு ஆகும் என்று வக்கீல் சொல்லியிருப்பார். வெளுத்த சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பொட்டலம், அவன் வெளியே வந்ததும் உடுத்த ஒரு வேஷ்டி.

"எழுதியாச்சா, ஏமானே?"

"ஆச்சு."

"ஒண்ணுபோலத்தான உருகிச்சு?"

"ஒண்ணுபோலத்தான்."

அவள் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். "அப்போ ஆளு வருமா, ஏமானே?"

"வரும். இப்ப வந்திரும்," என்றேன். "அந்த வராந்தால ஏறி உக்காரு."

எட்டு மாசத்தில் அவளை மேலே ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கூசிக்கொண்டே ஏறி, சுவரோரம் உட்கார்ந்தாள். முகம் கழுவக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, இத்தனை நாளைக்குப் பிறகு பார்க்கப்போகிறாரே என்று கேட்டாள். நான் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினேன்.